கரு கலைந்த பின் ரத்தம் நிற்காவிட்டால்



சென்ற மாதம் பாம்புக்கடியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பலர் என்னை வழியில் நிறுத்திப் பேசினார்கள். இந்த மாதம் எழுதப் போவதைப் பற்றி யாரும் அப்படி நிறுத்திப் பேச மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆம்பிளைகள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். பெண்கள் மடித்து வைத்துக்கொண்டு, வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் எடுத்துப் படிப்பார்கள். அப்படிப் படித்தாலும் சரிதான். ஆனாலும் ஆம்பிளைகளும் இதைப் படித்தாக வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஏனென்றால் நடுராத்திரியில் வண்டிக்கு ஓட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

சில வருஷங்களுக்கு முன்பு நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பால் நிறுவை முடிந்து பதினோரு மணி வாக்கில் ஒரு பெண் என் மருந்தகத்துக்கு வந்தாள். மூன்று பிள்ளைகளுக்குத் தாய். வயது முப்பத்து நான்கு. "ஐயா, தலை சுத்துது, ஒரு மாத்திரை கொடுங்க" என்றாள். ரத்த அழுத்தம் பார்த்தேன். கொஞ்சம் குறைவாக இருந்தது. வெயில், காலையில் சாப்பிடாமல் வெளிக்காட்டுக்குப் போனது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, சத்து மாத்திரையும் உப்புக் கரைசல் பொட்டலமும் கொடுத்து அனுப்பிவிட்டேன். வேறு ஒரு கேள்வி நான் கேட்கவில்லை. அவளும் வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை, பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்து மரத்துக்குப் போகிற வழியிலேயே விழுந்துவிட்டாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். உதடு வெள்ளைக் காகிதம். கை ஜில்லென்று இருந்தது. நாடி நிமிஷத்துக்கு 130. கூட வந்த பெண்தான் என் காதோரம் சொன்னாள்: "ஐயா, அவளுக்குக் கரு கலைஞ்சு பத்தொன்பது நாளாச்சு. இன்னும் நிக்கல."

பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு பை ரத்தம் ஏற்றினார்கள். உள்ளே தங்கிப் போயிருந்த துண்டு ஒன்றை ஸ்கேனில் கண்டுபிடித்துச் சுத்தம் செய்தார்கள். பிழைத்துக்கொண்டாள். ஒரு வாரம் கழித்துப் பார்க்கப் போனபோது, "கெட்ட ரத்தந்தானே ஐயா, போயிட்டா நல்லதுன்னு மாமியார் சொன்னாங்க" என்றாள். மாமியாரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாள் படிக்காதவர். படித்த நான், வெளிறிப் போய் நின்ற ஒரு பெண்ணிடம் "தூரம் ஒழுங்காக இருக்கிறதா அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பினேனே! அன்றிலிருந்து தலைச்சுற்று என்று வருகிற எந்தப் பெண்ணையும் நான் அந்தக் கேள்வி கேட்காமல் விடுவதில்லை.

அந்தக் கரு தானாகக் கலைந்ததா, அவள் ஏதாவது சாப்பிட்டுக் கலைத்தாளா என்று சிலர் கேட்பீர்கள். அதை நான் எழுதப் போவதில்லை. எப்படிக் கலைந்தாலும் ரத்தம் ஒரே ரத்தம், வைத்தியமும் ஒரே வைத்தியம்.

ரத்தம் ஏன் நிற்காமல் போகிறது?

கர்ப்பப்பை என்பது தசையால் ஆன பை. கரு அதன் உள்சுவரில் ஒட்டி வளரும்போது அந்த இடத்துக்கு நிறைய ரத்தக் குழாய்கள் வந்து சேருகின்றன. கரு கலைந்து வெளியே வந்ததும் அந்தக் குழாய்களின் வாய் திறந்து கிடக்கும். பால்மரத்தில் கோடு போட்டவுடன் பால் வடிகிறதே, அது மாதிரி. மரத்தில் சில மணி நேரத்தில் பால் உறைந்து வாய் அடைத்துக்கொள்ளும். கர்ப்பப்பையில் ரத்தம் உறைவது மட்டும் போதாது. பை இறுகிச் சுருங்கி, குழாய்களை நெரித்து மூட வேண்டும். வயிற்றில் இழுத்து இழுத்து வலிப்பது இந்தச் சுருக்கத்தால்தான்.

உள்ளே ஒரு சிறு துண்டு தங்கிவிட்டால் பை முழுதாகச் சுருங்க முடியாது. கதவிடுக்கில் துணி சிக்கினால் கதவு சாத்தாது அல்லவா? அப்படித்தான். சுருங்காத வரை ரத்தம் வந்துகொண்டே இருக்கும். சில பேருக்கு அதிகமாக ஒரே நாளில் கொட்டும். சில பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வாரம் போகும். இரண்டாவது வகையைத்தான் நம் பெண்கள் பொறுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். பயமே இல்லாததால் அதுதான் எனக்கு அதிகப் பயம்.

தங்கிய துண்டு நாளாக ஆக அழுகும். அழுகிய இடத்தில் கிருமி சேரும். அப்போது காய்ச்சலும் நாற்றமும் வரும். அது ரத்தத்தில் கலந்துவிட்டால் இரண்டொரு நாளில் உயிருக்கே ஆபத்து.

எவ்வளவு போனால் சரி, எவ்வளவு போனால் தப்பு?

எல்லாப் பெண்களும் கேட்கிற கேள்வி இது. கேட்க வெட்கப்பட்டு மனதுக்குள் வைத்துக்கொள்கிற கேள்வியும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கரு வெளியேறுகிற அந்தச் சில மணி நேரத்தில் ரத்தம் அதிகமாகத்தான் போகும். மாதவிலக்கைவிட அதிகமாக, கட்டி கட்டியாக, வலியோடு போகும். அதற்குப் பிறகு குறைய வேண்டும். மறுநாள் மாதவிலக்கு அளவுக்கு வரும். பிறகு தினமும் குறைந்து, நிறம் மாறி, பழுப்பாகி, துளித்துளியாகப் போய் நிற்கும். ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்துகொண்டவர்களுக்குப் பெரும்பாலும் சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் நின்றுவிடும். மாத்திரையால் கலைந்தவர்களுக்கு இரண்டு வாரம் வரை போகலாம். சிலருக்கு லேசான கறை மட்டும் இன்னும் சில நாள் இழுக்கலாம். நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் அடுத்த மாதவிலக்கு வரும்.

ஆகவே நாள் கணக்கு ஒன்று, போக்கு ஒன்று. இரண்டில் போக்குதான் முக்கியம். ஒரு எளிய வழி சொல்கிறேன். சுவரில் மாட்டியிருக்கிற நாள்காட்டியில், அன்றைக்கு எத்தனை பேடு மாற்றினீர்கள் என்று பென்சிலால் ஒரு மூலையில் எண் போடுங்கள். யாருக்கும் அது என்னவென்று புரியாது. ஆறு, ஐந்து, மூன்று, மூன்று, இரண்டு என்று இறங்கினால் நல்லது. மூன்று, மூன்று, ஐந்து என்று ஏறினால் அன்றைக்கே வாருங்கள். துணி வைப்பவர்களும் அப்படியே எண்ணலாம். துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காய வைத்துப் பயன்படுத்த வேண்டும். வெட்கப்பட்டு இருட்டு மூலையில், கட்டிலுக்கு அடியில் காய வைக்காதீர்கள். வெயில் படாத ஈரத் துணியில்தான் கிருமி வளரும்.

இப்போது ஆபத்தான அளவு. ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேடு முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே நனைந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நேரமே கிளம்ப வேண்டும். எலுமிச்சம்பழம் அளவுக் கட்டிகள் தொடர்ந்து விழுந்தாலும் அப்படித்தான். தலை சுற்றி, கண் இருட்டி, வியர்த்து, நெஞ்சு படபடவென்று அடித்து, எழுந்து நின்றால் விழப் போகிற மாதிரி இருந்தால், பேடு எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்காதீர்கள். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறக்குறைய மூன்றரை லிட்டர்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு போனால் உடம்பு தாங்காது. ஏற்கெனவே சோகை உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவாகப் போனாலே போதும். நம் தோட்டத்தில் சோகை இல்லாத பெண்களை எண்ணிவிடலாம் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. பாதி விளையாட்டுதான்.

அவசரம் இல்லாமல், ஆனால் தள்ளிப் போடவும் கூடாமல் பார்க்க வேண்டியவையும் உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் ரத்தம் போகிறது. நின்று சில நாள் கழித்து மறுபடி சிவப்பாக ஆரம்பிக்கிறது. மசக்கை, வாந்தி, மார்பு வலி இன்னும் போகவில்லை. இப்படி இருந்தால் கிளினிக்குக்கு வர வேண்டும். மருந்துக் கடையில் சிறுநீர்ச் சோதனைப் பட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு கோடு காட்டுது" என்று பதறி வருகிறவர்கள் உண்டு. கரு கலைந்து மூன்று நான்கு வாரம் வரை அந்தப் பட்டை கர்ப்பம் என்றே காட்டக்கூடும். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஸ்கேன்தான் சொல்லும்.

காய்ச்சலும் நாற்றமும்

மாத்திரையால் கலைந்தவர்களுக்கு அன்றைக்கே குளிரும் காய்ச்சலும் வரலாம். அது மாத்திரையின் வேலை. சில மணி நேரத்தில் போய்விடும். ஒரு நாள் கழித்தும் 38 பாகைக்கு மேல் காய்ச்சல் இருந்தால், அல்லது நடுக்கத்தோடு புதிதாக வந்தால், அது கிருமி. அடிவயிற்றைத் தொட்டால் வலி, நாற்றத்தோடு வெள்ளைப்பாடு, சீழ் மாதிரி போவது எல்லாம் அதே கூட்டம்தான். ரத்தம் அதிகம் போகாவிட்டாலும் இதற்கு உடனே ஆஸ்பத்திரி. வீட்டில் யாருக்கோ வாங்கிய பழைய சிவப்பு மாத்திரை, மஞ்சள் மாத்திரை என்று விழுங்குவதால் நோய் அடங்காது, மூடித்தான் இருக்கும்.

இடையில் ஒன்று. நம் நாட்டில் காய்ச்சலும் ரத்தப்போக்கும் சேர்ந்து வந்தால் டிங்கியையும் மறக்கக் கூடாது. டிங்கியில் ரத்தம் உறைய வேண்டிய அணுக்கள் குறைந்து, தூரம் அதிகமாகப் போகும். ஆகவே காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், மூட்டு வலிக்கு வைத்திருக்கிற மாத்திரை எதுவும் வேண்டாம். பனடோல் போதும். ஒரு வேளைக்கு இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது.

ஒரு பக்க வலி

மாசம் தள்ளிப் போய், கொஞ்சம் ரத்தமும் பட்டுவிட்டால், "கலைந்துவிட்டது, தொல்லை விட்டது" என்று இருந்துவிடுகிறார்கள். சில சமயம் கரு கர்ப்பப்பையில் இல்லாமல் பக்கத்துக் குழாயில் தங்கியிருக்கும். மாத்திரை சாப்பிட்டாலும், ரத்தம் பட்டாலும், குழாயில் உள்ளது அங்கேயே வளர்ந்து ஒரு நாள் வெடிக்கும். வெளியே வருகிற ரத்தம் கொஞ்சமாகத்தான் இருக்கும். உள்ளே வயிறு முழுக்க ரத்தம் நிறையும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்து வலி, தோள்பட்டையில் காரணம் தெரியாத வலி, மயக்கம் இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம். தோளுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உள்ளே கசிந்த ரத்தம் மேலே போய் உதரவிதானத்தை உறுத்தினால், அந்த நரம்பின் வலி தோளில்தான் தெரியும்.

முத்துப்பிள்ளை என்று பெரியவர்கள் சொல்வார்கள். கரு உருவாகாமல் திராட்சைக் குலை மாதிரி நீர்க்கொப்புளங்களாக வளர்வது. அப்படி ஏதாவது விழுந்தால் எறிந்துவிடாதீர்கள், சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள். அது அபூர்வம்தான். ஆனால் சுத்தம் செய்த பிறகும் பல வாரம் ரத்தச் சோதனை செய்து கவனிக்க வேண்டிய நோய். பாதியில் விட்டால் புற்றாக மாறுவதும் உண்டு.

வீட்டு வைத்தியம்

பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், பெருங்காயம், நல்லெண்ணெய், கருப்பட்டி இவற்றுக்கு நான் எதிரி அல்ல. பச்சை உடம்புக்காரிக்குச் சூடாக ஏதாவது செய்து கொடுக்கிற கையை நான் தடுக்க மாட்டேன். என் வீட்டிலும் செய்தார்கள். ஆனால் "தண்ணி குடிக்காதே, உடம்பு ஊதும்" என்று ரத்தம் போகிறவளுக்குத் தண்ணீரை நிறுத்துவது மகா தவறு. ரத்தம் குறைந்த உடம்புக்குத் தண்ணீர்தான் முதல் தேவை. மீன், முட்டை, கீரை, பருப்பு எல்லாம் சாப்பிட வேண்டும். பத்தியம் என்று வெறும் ரசச் சோறு போட்டால் ரத்தம் எப்படி ஊறும்?

ரத்தம் நிற்க வேண்டும் என்று பிராந்தியோ சாம்சுவோ கொடுப்பது, வயிற்றை இறுக்கிக் கட்டி உருவிவிடுவது, ஜாமு குடிப்பது, இவை ஒன்றும் உள்ளே தங்கிய துண்டை வெளியே கொண்டு வராது. ரத்தம் போகும்போது வயிற்றை அழுத்தித் தேய்க்க எந்தப் பாட்டியையும் விடாதீர்கள். உள்ளே துணியோ பஞ்சோ அடைக்கவும் கூடாது. அடைத்தால் ரத்தம் வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

"கெட்ட ரத்தம்" என்று ஒன்று உடம்பில் இல்லை. போவது முழுக்க உங்கள் சொந்த ரத்தம். கறுத்துப் போய் வருவது பழைய ரத்தம், அதாவது உள்ளே கொஞ்ச நேரம் தங்கி வருவது. அதுவும் நீங்கள் சாப்பிட்ட சோற்றில் ஊறியதுதான்.

குச்சி, வேர், சோப்புத் தண்ணீர் என்று உள்ளே செலுத்துகிற கொடுமை முன்காலத்தில் இருந்தது. இன்றைக்குக் கைப்பேசியில் முகம் தெரியாத ஆளிடம் மாத்திரை வாங்கித் தின்கிறார்கள். என்ன மாத்திரை, எத்தனை மாதக் கருவுக்கு எவ்வளவு, குழாய்க் கருவா என்று ஒன்றும் தெரியாது. பணத்தை வாங்கியவன் ரத்தம் கொட்டுகிற ராத்திரியில் போனை எடுக்க மாட்டான். குச்சி வேரால் குத்திக்கொண்டவர்களுக்குக் கர்ப்பப்பையில் ஓட்டை விழும். ரணஜன்னியும் வரும். அப்படி யாருக்காவது நடந்திருந்தால் ரத்தம் நின்றுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

"என்ன கேட்பாங்களோ"

பாதிப் பேர் வராமல் இருப்பதற்குக் காரணம் இந்தப் பயம்தான். சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேசியக் குற்றவியல் சட்டத்தில் 312-ஆம் பிரிவு கருக்கலைப்பைப் பற்றிப் பேசுகிறது. 1989-இல் அது திருத்தப்பட்டது. கர்ப்பம் தொடர்ந்தால் தாயின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மன நலத்துக்கோ, கலைப்பதைவிட அதிக ஆபத்து என்று பதிவு பெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால், அவர் கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு 2012-இல் சுகாதார அமைச்சு இது பற்றி வழிகாட்டியும் வெளியிட்டது. ஆகவே கர்ப்பம் தாங்க முடியாத நிலையில் இருப்பவர்கள் முதலில் டாக்டரிடம் வாயைத் திறந்து பேச வேண்டும். முகம் தெரியாத வியாபாரியிடம் போகக் கூடாது.

ரத்தம் கொட்டிக்கொண்டு வருகிறவளிடம் டாக்டருக்கு முதல் வேலை ரத்தத்தை நிறுத்துவதுதான். என்ன சாப்பிட்டாய், எப்போது, எத்தனை என்று அவர் கேட்பது விசாரணைக்காக அல்ல, மருந்து முடிவு செய்ய. மறைத்தால் உங்களுக்குத்தான் கஷ்டம். மாத்திரை அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். சில இடங்களில் முகம் சுளிக்கிறவர்கள், ஒரு சொல் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. நானே கேட்டிருக்கிறேன், கேட்டுக் கூனிக் குறுகியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்குப் பயந்து வீட்டில் கிடந்தால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கல்யாணம் ஆகாத பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகள் குளியலறையில் அதிக நேரம் இருக்கிறாள், முகம் வெளுத்திருக்கிறது, காய்ச்சல் என்று படுத்திருக்கிறாள் என்றால், தாயே, அடிக்காமல் கேளுங்கள். அடித்தால் உண்மை வராது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குச் சிகிச்சைக்குப் பெற்றோர் கையெழுத்து கேட்பார்கள். கூடவே போங்கள். மானம் போகிறது என்று நினைக்கிற அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பிள்ளை போகிறது.

என்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தால் அதையும் நான் புரிந்துகொள்கிறேன். நான் ஆம்பிளை. ஒரு துண்டுச் சீட்டில் "ரத்தம் நிற்கவில்லை, இத்தனை நாள்" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். அல்லது கூட ஒரு பெண்ணை அழைத்து வந்து அவர் மூலம் சொல்லுங்கள். பிள்ளைக் காவல் ஆயாம்மாவிடம் சொல்லி அனுப்பினாலும் போதும்.

வண்டி வரும் வரை

மல்லாக்கப் படுக்க வையுங்கள். காலுக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்துங்கள். கம்பளி போர்த்துங்கள். நினைவு இருந்தால் சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுக்கலாம். மயக்கமாக இருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தோட்ட வண்டி இல்லாவிட்டால் 999-க்கு அழைத்துத் தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்த வழியில் வர வேண்டும், கேட்டில் யார் நிற்பார் என்று சொல்லுங்கள். செம்பனைக் காட்டுக்குள் ஆம்புலன்ஸ் வழி தவறி அலைந்த கதை எனக்குத் தெரியும். ஒருவர் மோட்டார் சைக்கிளில் பெரிய ரோட்டுக்குப் போய் நிற்பது நல்லது. அடையாள அட்டை, கர்ப்ப காலப் புத்தகம், மாற்று உடை, நனைந்த பேடுகள் ஒரு பையில். அசிங்கம் என்று நினைக்காதீர்கள். எவ்வளவு போயிருக்கிறது என்று டாக்டர் பார்க்க அது உதவும்.

ஆஸ்பத்திரியில் ரத்தச் சோதனையும் ஸ்கேனும் எடுப்பார்கள். கொஞ்சமாகத் தங்கியிருந்தால் மருந்திலேயே வெளியேற்றுவார்கள். அதிகமாக இருந்தாலோ ரத்தம் கொட்டினாலோ உறிஞ்சு குழாய் வைத்துச் சுத்தம் செய்வார்கள். வலிக்கு மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள், சில நிமிஷ வேலை. "கழுவி விட்டால் பிறகு பிள்ளை தங்காது" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. முறையாகச் சுத்தம் செய்தவர்களில் பெரும்பாலோருக்குப் பிறகு நல்லபடியாகப் பிள்ளை பிறக்கிறது. அழுகவிட்டுக் கிருமி ஏறினால்தான் குழாய் அடைத்துப் பிள்ளை இல்லாமல் போகிற ஆபத்து அதிகம். ரத்த வகை ரீசஸ் நெகட்டிவ் என்று வந்தால் ஓர் ஊசி தேவைப்படலாம். அது கரு கலைந்த 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது, அடுத்த பிள்ளையின் நலனுக்காக. உங்கள் ரத்த வகை என்ன என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

விடுப்பு

வேலை போய்விடும், சம்பளம் வெட்டுவார்கள் என்று பத்தொன்பது நாள் மரம் வெட்டியவளைப் பற்றி மேலே சொன்னேன். அதனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி 22 வாரத்துக்குப் பிறகு பிரசவமானால், பிள்ளை உயிரோடு இருந்தாலும் இறந்திருந்தாலும், அது பிரசவம்தான். பிரசவ விடுப்பு 2023 ஜனவரி முதல் 98 நாள். 22 வாரத்துக்கு முன் கலைந்தால் பிரசவ விடுப்பு இல்லை, ஆனால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. வேலையில் இரண்டு வருஷத்துக்குக் குறைவானவர்களுக்கு வருஷத்துக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தால் அதற்கு 60 நாள் வரை தனியாக இருக்கிறது. டாக்டர் கொடுக்கிற எம்.சி. வேண்டும். விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் சொல்லாமல் நின்றதாக எழுதிவிடுவார்கள். கணவரோ பக்கத்து வீட்டாரோ ஆபீசில் சொல்லி, சொன்ன நேரத்தைக் குறித்து வையுங்கள். எம்.சி.யில் என்ன நோய் என்று மண்டோரிடம் விளக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. தகராறு வந்தால் தோட்டக் கிளைத் தலைவரிடம் வாருங்கள்.

பிறகு

ரத்தம் முழுக்க நிற்கும் வரை கணவன் மனைவி சேர வேண்டாம். குளிக்கலாம், தலைக்கும் ஊற்றலாம். ஆற்றிலும் குளத்திலும் இறங்க வேண்டாம். கலைந்த பத்து நாளுக்குள்ளேயே மறுபடி கரு தங்குகிற சக்தி வந்துவிடலாம். மாதவிலக்கு வரவில்லையே என்று அலட்சியமாக இருந்து, அடுத்த மாதமே முழுகாமல் வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உடனே வேண்டாம் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் முன்பே மாத்திரை, ஊசி, வளையம் பற்றிக் கேளுங்கள். அன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

அழுகை வரும். சிலருக்கு நிம்மதி வரும், நிம்மதி வந்ததே என்று அழுகை வரும். இரண்டும் இருக்கும்தான். தூக்கம் இல்லாமல், சோறு இறங்காமல் வாரக்கணக்கில் போனால் அதற்கும் கிளினிக்கில் ஆள் இருக்கிறார்கள்.

கடைசியாக இரும்புச் சத்து மாத்திரை. கொடுத்ததைப் பாதியில் நிறுத்திவிடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், சாப்பாட்டு அலமாரி மேல் பாட்டில் பாட்டிலாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மலம் கறுத்துப் போகும், பயப்படாதீர்கள், அது மாத்திரையின் நிறம். குமட்டினால் சோறு சாப்பிட்ட பிறகு போடுங்கள். தேத்தண்ணியோடும் காப்பியோடும் போடக் கூடாது, சத்து உடம்பில் ஏறாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சம்பழச் சாற்றோடு போட்டால் நன்றாக ஏறும். ரத்த அளவு சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். நான் சொன்ன அந்தச் சகோதரி ஐந்து மாதம் சாப்பிட்டாள். ஒவ்வொரு மாதமும் காலி பாட்டிலோடு வந்து, மேசை மேல் டொக்கென்று வைத்து, "ஐயா, எண்ணிப் பாத்துக்குங்க" என்பாள்.